சிஸ்டம் கேக்குதுங்க

வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாத ஒரு மனுஷியக் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்கார வெச்சு, "இனிமே வாயத் தொறக்கக் கூடாது, டைப் மட்டும் அடி"ன்னு சொன்னா என்ன ஆகும்? அந்த வாய் கம்ப்யூட்டருக்கு வந்துடும். நம்பினா நம்புங்க. பக்கத்து நாற்காலியில ஒக்காந்து நான் கண்ணால பாத்தேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கிட்ட, ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில இருந்த திருமண தகவல் மையத்துல நாங்க ரெண்டு பேரும் வேலை பாத்தோம். நான் காலேஜ் முடிச்ச கையோட போய்ச் சேந்தவ. அந்தக்கா எனக்கு முன்னாடியே அங்க பழந்தின்னு கொட்ட போட்டவங்க. பேர் வேணாம். பேரச் சொன்னா, "எழுதறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டியாடி"ன்னு போன்லயே புடிச்சுக்குவாங்க.

அவங்க யாரையும் திட்ட மாட்டாங்க. அதுதான் அதுல விசேஷம். கேள்விதான் கேப்பாங்க. தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, குரலக் கொஞ்சம் எறக்கி, பச்சப்புள்ளையாட்டம் மொகத்த வெச்சுக்கிட்டுக் கேப்பாங்க. பாப்பாரப்பட்டி பஸ்ல கண்டக்டர் "உள்ள போம்மா, உள்ள போ"ன்னு கத்தினா, "எவ்வளவு உள்ளங்க? டிரைவர் மடியில ஒக்காரட்டுங்களா?" டீக்கடைக்காரர்கிட்ட, "அண்ணா, இது டீயா, இல்ல டீ குடிச்ச டம்ளர அலம்பின தண்ணியா?" கேட்டுட்டு பதிலுக்கு நிப்பாங்க பாருங்க, அதுதான் தாங்காது. பதில் வர்ற வரைக்கும் நகர மாட்டாங்க.

வூட்ல அவங்க மாமியா இருந்தாங்க. அவங்களும் இதே ரகம். "ஒரு ஒறையில ரெண்டு கத்தி பாப்பா. காத்தால நான் பஸ் ஏறி இங்க வந்துடறதாலதான் ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். இந்த வேலை போச்சுன்னு வெய்யி, ஒண்ணு அது இருக்கும், இல்ல நான் இருப்பேன்"னு சொல்லிச் சிரிப்பாங்க. சிரிக்கிற விஷயம் மட்டும் இல்ல. வூட்டுக்காரருக்கு இடுப்பு போய், லாரி ஓட்டறத நிறுத்திட்டாரு. அந்த வூட்ல அடுப்பு எரிஞ்சதே அக்கா சம்பளத்துலதான்.

இப்படி இருக்கையில ஒரு நாள் அரூர் பக்கத்துலருந்து ஒரு பையனோட அம்மா வந்தாங்க. மேசையில எங்களப் பாத்து ஒரு மானிட்டர், கஸ்டமரப் பாத்து ஒரு மானிட்டர். இங்க என்ன தெரியுதோ அதுவே அங்கயும் தெரியும். நாங்க போட்டோ ஒண்ணொண்ணா மாத்த மாத்த அந்தம்மா, "இது கறுப்பு. இது குட்ட. இதுக்குப் பல்லு சரியில்ல. இது இப்பவே கண்ணாடி போட்டிருக்குது"ன்னு கத்தரிக்கா பொறுக்கற மாதிரி தள்ளிக்கிட்டே வந்தாங்க. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பாத்தாங்க. அப்புறம் தலைய சாய்ச்சாங்க. நான் மேசைக்கடியில கால மிதிச்சேன், பிரயோஜனமில்ல.

"ஏங்கம்மா, உங்க பையன் போட்டோவ இந்தப் புள்ளைங்களுக்கு ஒருக்கா காட்டட்டுங்களா? அதுங்க என்ன சொல்லுதுங்கன்னு கேட்டுப் பாத்துடலாமே?"

அந்தம்மா பையத் தூக்கிக்கிட்டுப் படி எறங்கினவங்கதான், திரும்பிப் பாக்கல.

ஓனர் கண்ணாடி ரூமுக்குள்ளருந்து வெளிய வந்தாரு. தங்கமான மனுஷன், ஆனா கஸ்டமர் படியேறுற சத்தம் கேட்டாலே முதுகு தானா வளைஞ்சுக்கும். "இதோ பாரும்மா. இனிமே கஸ்டமர்கிட்ட நீ பேசக் கூடாது. வணக்கம்கூட வேணாம். அந்தப் பாப்பா பேசட்டும், நீ டைப் அடி. இனி ஒரு வார்த்த உன் வாயிலருந்து வந்துச்சு, அன்னைக்கே வூட்டுக்குக் கெளம்பிடு." சத்தம் போடாமதான் சொன்னாரு. ஆனா நெசமாத்தான் சொன்னாரு.

அன்னையிலருந்து நான் கேள்வி கேப்பேன், அக்கா அடிப்பாங்க. யாராவது "தண்ணி எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டாக்கூட கையக் காட்டுவாங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு. பேசாத அக்கா பக்கத்துல ஒக்காந்திருக்கறது, கரண்டு போன வூட்ல ஒக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு.

அந்தச் சமயத்துலதான் நான் கம்ப்யூட்டர் கோடு எழுதப் பழக ஆரம்பிச்சேன். எங்க ஆபீஸ் டேட்டாபேஸ சேலத்துக்காரர் ஒருத்தர் செஞ்சு குடுத்துட்டுப் போனாரு. அதோட சரி, போன எடுக்கறதே இல்ல. ஒரு பொண்ணுக்குப் பொருத்தமான பையங்கள எடுக்கணும்னா ஒவ்வொரு பேரா தொறந்து பாத்துத் தனித்தனியா பிரிண்ட் போடணும். ஆனா அதே டேட்டாபேஸுக்குப் பின்னாடி கோடு எழுதற எடம் ஒண்ணு இருக்கு, அங்க நாலு வரி எழுதினா ஒரு பட்டன அமுக்கினதும் அத்தனையும் தானா நடக்கும்னு ஒரு வீடியோவுல பாத்தேன். ஓசூர்ல ஆபீஸ் வேலைக்குப் போறதுன்னா இது தெரிஞ்சிருந்தா நல்லதுன்னாங்க. எனக்கு ஓசூர் போகணும். எங்கப்பாவுக்கு எனக்குக் கண்ணாலம் பண்ணணும். இதப் பத்தி நாங்க ரெண்டு பேரும் வூட்ல ஒரு நாளும் பேசிக்கிட்டதில்ல. எங்க வூட்ல யாரும் எதையும் பேசிக்க மாட்டோம்.

"எனக்கும் காட்டு பாப்பா. வாய்தான் கட்டிப் போட்டாச்சு, கையாவது ஆடட்டும்"னு அக்கா நாற்காலிய நகத்திக்கிட்டு வந்தாங்க. ஹெட்போன்ல ஆளுக்கு ஒரு காது. ரெண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. வீடியோவுல பேசினவரு என்ன பாஷை பேசினாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, அவரு எங்க க்ளிக் பண்றாருன்னு பாத்துப் பாத்துத்தான் பழகினோம்.

மொதல்ல பழகினதுக்குக் கோடே வேணாம். ஒரு கட்டத்துல எப்பவும் ஒரே வார்த்தைதான் வரும்னா, அத ஒரு தடவ குடுத்து வெச்சிடலாம். புதுசா ஒரு பேரத் தொறந்ததும் அதுவே வந்து ஒக்காந்துக்கும். எங்க பாரத்துல "பெண்ணின் விருப்பம்"னு ஒரு கட்டம் உண்டு. எந்த அப்பா வந்தாலும் அதுல ஒரே பதில்தான்: "பெற்றோர் விருப்பமே." அதையே அடிச்சு அடிச்சு எங்களுக்கு விரல் தேஞ்சுது. அந்த ரெண்டு வார்த்தையத் தானா வர்ற மாதிரி பண்ணிட்டு, அன்னைக்கு ஆளுக்கு ஒரு போண்டா வாங்கித் தின்னோம். பெரிய சாதனையாச்சே!

அப்புறம் 'இஃப்' வந்துச்சு. இப்படி இருந்தா இதச் செய், இல்லன்னா அதச் செய். எனக்கு மண்டையில ஏற ரெண்டு நாளாச்சு. அக்கா கேட்ட ஒடனே புடிச்சுக்கிட்டாங்க. "எங்க மாமியா பேசறதே இப்பிடித்தான பாப்பா? 'கொழம்புல உப்பு இருந்தா தட்டுல ஊத்து, இல்லாட்டி உங்கம்மா வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ.'" ஆரம்பிச்ச இஃப்ப கடைசியில 'எண்ட் இஃப்'னு முடிக்கலன்னா மெஷின் ஒத்துக்காது. "பாத்தியா, சண்டைய ஆரம்பிச்சா முடிச்சுட்டுப் போகணும்னு அதுக்குத் தெரியுது. எங்க வூட்டுக் கெழவிக்குத் தெரியலியே!"

அதுக்கப்புறம்தான் மெசேஜ் பாக்ஸு. ஒரே ஒரு வரி. பட்டன அமுக்கினதும் திரைக்கு நடுவுல ஒரு பெட்டி எகிறிக் குதிச்சு, நாம எழுதினதக் காட்டி நிக்கும். ஓகேன்னு அமுக்கற வரைக்கும் நகராது. அக்கா அதப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"பாப்பா, பதில் சொல்லாம இது போவாதா?"

"போவாதுக்கா."

"கஸ்டமர் மானிட்டர்லயும் தெரியுமா?"

"தெரியும்." அக்கா மொகத்துல அத்தன நாளா இல்லாத களை வந்துடுச்சு.

தமிழ்ல எழுதினா அந்தப் பெட்டியில வெறும் கேள்விக்குறியா வரிசை கட்டி நின்னுச்சு. "போதும், கேள்விதான்னு அதுக்கே புரிஞ்சிடுச்சு"ன்னாங்க அக்கா. அப்புறம் ரெண்டு பேரும் தலைய ஒடச்சுக்கிட்டு, மஞ்சக் கலர்ல சின்னதா ஒரு பாரமே தனியா செஞ்சோம். அதுல தமிழ் அழகா வந்துச்சு. இதுக்கு நடுவுல சுத்திச் சுத்தி வர்ற மாதிரி எதையோ எழுதி, "சாப்டாச்சா?"ங்கற பெட்டி எத்தன தடவ மூடினாலும் திரும்பத் திரும்ப வந்து, வைரஸ்னு நெனச்சு ஓனர் வந்து ப்ளக்கப் புடுங்கினது தனிக்கதை.

மறுவாரத்துலருந்து கம்ப்யூட்டர் பேச ஆரம்பிச்சுது. மாப்ள வயசையும் கேக்கற பொண்ணு வயசையும் அடிச்சா அதுவே கழிச்சுப் பாக்கும். ரொம்ப எடவெளி இருந்தா மஞ்சப் பெட்டி வரும்: "பொண்ணு தொட்டில்ல கெடந்தப்ப மாப்ள பத்தாவது பரிச்சைக்குப் படிச்சிக்கிட்டு இருந்திருப்பாருங்களே, பரவால்லீங்களா?" பொண்ணு நல்ல கலரா வேணும்னா: "சரிங்க. மாப்ள கலர எங்கயும் எழுதலையே?" பொண்ணு வேலைக்குப் போகக் கூடாதுன்னா: "அப்ப மாப்ள ரெண்டு வேலைக்குப் போவாருங்களா?"

அக்கா மட்டும் வாயப் பொத்திக்கிட்டு சாமி கும்புடற மாதிரி ஒக்காந்திருப்பாங்க. கஸ்டமர் என்னப் பாப்பாங்க. நான், "சிஸ்டம் கேக்குதுங்க"ன்னு சொல்லுவேன்.

ஆச்சரியம் என்னன்னா, ஒருத்தருக்கும் கோவமே வரல. இதையே அக்கா வாயால கேட்டிருந்தா செருப்பு பறந்திருக்கும். மெஷின் கேட்டா ஜோசியர் கேட்ட மாதிரி பயபக்தியா பதில் சொன்னாங்க. ஒரு பெரியவர் மீசையத் தடவிக்கிட்டு, "அதுவும் கேக்கறது நாயந்தான். வேலைக்குப் போற பொண்ணுன்னாலும் பரவால்லன்னு போட்டுக்கம்மா"ன்னாரு. எங்க ஓனர், சேலத்துக்காரர்தான் எங்கயோ இருந்துக்கிட்டு அப்டேட் அனுப்பறாருன்னு நெனச்சுக்கிட்டு, "நம்ம சிஸ்டம் ரொம்ப அட்வான்ஸுங்க"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமை பேசினாரு. அக்கா மேசைக்கடியில என் தொடையக் கிள்ளுவாங்க.

எனக்கு ஓசூர்ல வேலை கெடச்சுது. இன்டர்வியூவுக்குப் போனதே வூட்டுக்குத் தெரியாது. அத எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சிக்கிட்டு இருக்கறப்பவே எங்கப்பா, "திங்கக்கெழம ஜாதகத்த எடுத்துக்கிட்டு உங்க ஆபீசுக்கே வர்றேன். ஊருக்கெல்லாம் பாக்கறீங்க, உனக்கும் பாத்துடலாம்"னுட்டாரு. நான் தலைய ஆட்டிட்டு வந்து அக்காகிட்ட அழுதேன்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்னடி?"

"வரலக்கா. எங்கப்பாவ எதுத்துப் பேசினதில்ல."

"சரி, வுடு. மெஷின் கேக்கட்டும்."

அன்னைக்கே கோடு எழுதினாங்க. பெண்ணின் விருப்பம்ங்கற கட்டம் காலியா இருந்தா பதிவாகாது. மஞ்சப் பெட்டி வந்து, "பொண்ணக் கேட்டீங்களா? கேக்கலன்னா இப்பவே கேளுங்க, பக்கத்துலதான இருக்குது"ன்னு நிக்கும். பழைய பேர் ஒண்ண எடுத்து, அந்தக் கட்டத்த அழிச்சுட்டு அமுக்கிப் பாத்தோம். ஜம்முன்னு வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் கையத் தட்டிக்கிட்டோம்.

திங்கக்கெழம எங்கப்பா வெள்ளச்சட்ட போட்டுக்கிட்டு வந்தாரு. தக்காளி வெளைவிக்கிற மனுஷன், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுந்தான் அந்தச் சட்ட. என்னோட அப்பான்னு ஓனரே எழுந்து வந்து பக்கத்துல நின்னுக்கிட்டாரு. அக்கா டைப் அடிக்க, வழக்கம்போல கேக்க வேண்டியது நான்.

"பொண்ணு பேரு?"ன்னேன்.

"என்ன பாப்பா, உனக்குத் தெரியாதா?"

"நீங்கதான்ப்பா சொல்லணும்." பேரச் சொன்னாரு. படிப்பச் சொன்னாரு. எனக்குச் சமைக்கத் தெரியும்னு பொய்கூடச் சொன்னாரு. பெண்ணின் விருப்பத்தக் கேக்காம நான் தாண்டிட்டேன். அது காலியா இருக்கணும், அதுதான் எங்க திட்டம். அக்கா பதிவு பட்டன அமுக்கினாங்க. மஞ்சப் பெட்டிக்காக ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தோம்.

வரல. "பதிவு முடிந்தது"ன்னு வந்துச்சு.

அக்கா என்னப் பாத்தாங்க. நான் திரையப் பாத்தேன். பெண்ணின் விருப்பம்ங்கற கட்டத்துல கால் மேல கால் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு, "பெற்றோர் விருப்பமே." நாங்களே எப்பவோ தானா வர வெச்சதுதான். பழைய பேர்ல சோதன பண்ணிப் பாத்தமே ஒழிய, புதுப் பேர்ல அந்தக் கட்டம் காலியாவே இருக்காதுங்கறது ரெண்டு முண்டத்துக்கும் ஒறைக்கல. கட்டம் காலியா இல்ல, அதனால மெஷினுக்குக் கேக்க ஒண்ணும் இல்ல.

"ஆச்சுங்களா?"ன்னு எங்கப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "ஆச்சுங்க, தை மாசத்துக்குள்ள முடிச்சுடலாங்க"ன்னாரு ஓனர்.

அப்பத்தான் அக்கா தலை ஒரு பக்கமா சாஞ்சுது. வேணாங்கக்கான்னு கண்ணால கெஞ்சினேன்.

"ஏங்க, பொண்ணக் கேட்டீங்களா?"

எங்கப்பா ஆடிப்போயிட்டாரு. என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தப்பல்லாம் அந்தக்கா கையக் காட்டித்தான் பாத்திருக்காரு, பேச வராத பொம்பளன்னே நெனச்சிருந்தாரு. "இந்தம்மா பேசுமா?"ன்னாரு என்கிட்ட. அப்புறம் அவங்களப் பாத்து, "அவளக் கேக்கறதுக்கு என்னம்மா இருக்குது? நான் சொன்னா கேட்டுக்கும்"னாரு.

"அது தெரியுங்க. பொண்ணு சொன்னா நீங்க கேப்பீங்களா?"

"ஏம்மா, நான் என்ன சொல்லி வெச்சிருக்கேன்?" ஓனர் குரல் ஒடஞ்சு வந்துச்சு.

"வூட்டுக்குக் கெளம்புன்னு சொன்னீங்க சார். கெளம்பறேன். ஒரு நிமிசம் இருங்க, இவரு இன்னும் பதில் சொல்லல."

எங்கப்பா என் பக்கம் திரும்பினாரு. "என்ன பாப்பா? உனக்கு இஷ்டமில்லையா?"

நாளெல்லாம் மத்த பொண்ணுங்களுக்காக சிஸ்டம் கேக்குது சிஸ்டம் கேக்குதுன்னு கூவினவ, எனக்குன்னு வந்தப்ப கீபோர்டப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.

"அடிப்பாவி!" அக்கா மேசைய ஒரு தட்டு தட்டினாங்க. "உனக்காக நான் வேலையவே வுட்டுட்டேன். நீ வாயையாவது தொறக்கக் கூடாதா?"

அழுகை ஒடச்சுக்கிட்டு வந்துச்சு. "எனக்கு ஓசூர்ல வேலை கெடச்சிருக்குப்பா. நான் போறேன்ப்பா. கண்ணாலம் வேணாங்கல, இப்ப வேணாம்ப்பா"ன்னு மூக்க ஒறிஞ்சுக்கிட்டு ஒப்பாரி வெச்சேன். கோர்வையா ஒரு வாக்கியம்கூட வரல. ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

எங்கப்பா மேசையில இருந்த ஜாதகத்த எடுத்தாரு. அப்புறம் சுருட்டி மடியில சொருவிக்கிட்டு, "எம்பொண்ணு பேர எடுத்துடுங்க"ன்னாரு. ஓனருக்கு எப்படி எடுக்கறதுன்னு தெரியாது. நான் இன்னும் அழுதுக்கிட்டு இருந்தேன். வேலை போன அக்காதான் மறுபடி ஒக்காந்து எடுத்துட்டு எழுந்தாங்க. அப்பத்தான் ஓனருக்கு எதுவோ பொறி தட்டியிருக்கணும். "ஏம்மா, அப்ப அந்த மஞ்சப் பெட்டியெல்லாம்...?"ன்னாரு.

"சிஸ்டம் கேட்டுச்சுங்க சார்"னு சொல்லிட்டு டிபன் கேரியர எடுத்துக்கிட்டாங்க.

நான் ஓனர் கையப் புடிச்சுக் கெஞ்சாத கொறை. சொன்ன சொல்ல அவரு மாத்திக்கல.

மூணு பேரும் ஒரே பஸ்லதான் ஏறினோம். அக்காவுக்குப் பாப்பாரப்பட்டி, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி எங்க ஊரு. கண்டக்டர் "உள்ள போம்மா"ன்னு கத்தினாரு. அக்கா ஒண்ணுமே சொல்லாம உள்ள போய் ஒக்காந்தாங்க. கேரியர மடியில வெச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாங்க. வேலை போனது அப்பத்தான் எனக்கு நெசமா ஒறைச்சுது.

எங்கப்பா ரெண்டு மூணு தடவ அவங்களப் பாத்தாரு. தொண்டையச் செருமினாரு. என் ஆயுசுல எங்கப்பா யாரையும் எதையும் கேட்டு நான் பாத்ததில்ல.

"ஏம்மா, இப்ப வேலைக்கு என்ன பண்ணுவீங்க?"

அக்கா திரும்பினாங்க. அப்புறம் ஆரம்பிச்சாங்க. வூட்டுக்காரர் இடுப்பு, மாமியா, வூட்டு வாடகை, ஓனரோட வளையிற முதுகு, சேலத்துக்காரர், மஞ்சப் பெட்டி, ஒண்ணு விடல. நடுவுல கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, நடுவுல சிரிச்சாங்க. எங்கப்பா முன்சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு, "அப்பிடியா, அப்பிடியா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு.

எங்க ஊர் வந்துச்சு. கண்டக்டர் விசிலடிச்சாரு. "அப்பா, எறங்கணும்"னு நான் எழுந்துட்டேன்.

எங்கப்பா எழுந்துக்கல. என்னக்கூடப் பாக்கல. "ஒக்காரு பாப்பா. அந்தம்மா பேசி முடிக்கட்டும்"னாரு.